பேச்சித்தாய் கையும் பன்னிரண்டு பொட்டலமும்

அக்டோபர் 9, வியாழன்

வெறும் வயிற்றில் 182.

டாக்டரம்மா சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்து நம்பரை எழுத வேண்டுமாம். அன்றைக்கு வாய்க்குள் போனதையெல்லாம் ஒன்று விடாமல் எழுத வேண்டுமாம். மருமகன் தை மாதம் கொடுத்த டைரி பீரோவுக்குள் சும்மா கிடந்தது. எடுத்துத் தூசி தட்டியாயிற்று.

இன்று சாப்பிட்டது: மூன்று இட்லி, மத்தியானம் ஒரு கை சோறும் புடலங்காய்க் கூட்டும், ராத்திரி இரண்டு சப்பாத்தி. இனிப்பு கிடையாது. பாகு பதம் பார்க்க நாக்கில் வைப்பது சாப்பாட்டில் சேராது. அது வேலை.

டாக்டரம்மா இதைப் படிப்பதாக இருந்தால் தெரிந்துகொள்ளட்டும். நான் சண்முகக்கனி. கோவில்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் மலர்ச்சி மகளிர் குழு என்று பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கடலைமிட்டாய் போடுகிறோம். அதில் பாகு காய்ச்சுவது நான்தான். பாகுக்காரி என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். முப்பது வருசக் கை. மற்றவர்கள் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, அது இறுகிக் கிண்ணத்தில் 'டங்' என்று தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். கொதிக்கிற சத்தம் காதில் விழுந்தாலே பதம் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட எனக்கு இன்று வந்த கேவலத்தைக் கேளுங்கள். மதுரைக் கடைக்காரர் மூன்று பெட்டி மிட்டாயைத் திருப்பி அனுப்பிவிட்டார். பொட்டலம் போட்ட நாலாம் நாளே நசநசவென்று கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறதாம். பிரித்துப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. கடித்துப் பார்த்தேன், மொறுமொறுப்பே இல்லை. இரண்டு மூன்று பொட்டலத்தில் கடித்துப் பார்த்தேன், எல்லாம் அப்படித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

191. ஏன் ஏறியது என்று தெரியவில்லை.

கடைக்குப் போய் வாங்கியது: சீரகம், துணி சோப்பு, எலுமிச்சம்பழம் ஒரு டஜன். எங்க வீட்டுக்காரர் "ஊறுகாயா கனி?" என்று கேட்டார். பையைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். முப்பத்தைந்து வருசம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது என் பையைச் சோதிப்பதுதான் வேலை.

மிட்டாய் ஏன் கசிகிறது என்று காலையில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். ஒருத்தி மழை என்றாள், ஒருத்தி கண்ணேறு என்றாள். நான் சும்மா பேச்சுக்கு ஒன்று சொன்னேன். பேச்சித்தாய் குழுவில் சேர்ந்தது ஆவணியில். மிட்டாய் கசிய ஆரம்பித்ததும் ஆவணியில்தான். பலகையில் மிட்டாயைத் தேய்த்து வெட்டுவது அவள். உருளையைக் கை மாற்றும்போது ஒரு நாள் அவள் உள்ளங்கை என் கையில் பட்டது, ஈரமாக இருந்தது. "ஈரக்கைளா அவளுக்கு. சில கை ராசி அப்படி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குள் எல்லாரும் ஆமா, ஆமா என்று பிடித்துக்கொண்டார்கள். பேச்சித்தாய் சேர்ந்த வாரம் குழுவில் வேறு என்னவோ நடந்ததே என்று யோசித்தால், எங்கள் பெரிய சட்டி வந்தது அந்த வாரம்தான். பழைய சட்டியைப் போல நாலு மடங்கு. குலவை போட்டு அடுப்பில் ஏற்றினோம். நல்ல நாள் அது.

அக்டோபர் 11, சனி

178.

தலைவி குருவம்மாள் பேச்சித்தாயைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "ஏளா பேச்சி, இனிமே நீ வெட்டுக்கு வராண்டாம். லேபிள் ஒட்டு. அப்பவும் சரியாகலன்னா, வேற வேலை பாத்துக்கோ."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முப்பத்தெட்டு வயசு இருக்கும், இரண்டு பொம்பளைப் பிள்ளைகள், புருசன் போய் ஆறு வருசம். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற பிரிவில் ஏழு வருசம் இருந்தவள். மில்லை மூடிவிட்டார்கள்.

"யக்கா, லேபிள் ஒட்டுறதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "ஆனா ஈரக்கை, ராசியில்லாத கைன்னு ஊருக்குள்ள ஒரு பேரு விழுந்துச்சுன்னா, நாளைக்கு ஒருத்தி வீட்டு மாவாட்டக்கூட என்னைக் கூப்பிடமாட்டாக. எம்பிள்ளைகளுக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கிடும். எங்கைதான் காரணம்னா நானே போயிருதேன். எங்கைதானான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

"எப்படிளா பாக்க?" என்றாள் குருவம்மாள்.

"மில்லுல நூல் அறுந்தா யாரு கைன்னு கேக்கமாட்டோம்க்கா. சந்தேகப்படுறது எல்லாத்தையும் எழுதுவோம். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துவோம். நம்பர் போட்டு வச்சுருவோம். எது யாரோடதுன்னு பாக்குறவுகளுக்குத் தெரியக்கூடாது. அப்புறம் நூலே சொல்லிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இது என்ன நூலா? மிட்டாய். கைப்பக்குவத்தில் நிற்கிற தொழில். ஆனாலும் அவள் கேட்ட விதம் நியாயமாக இருந்ததால் குருவம்மாள் கார்த்திகை பிறக்கும் வரை தவணை கொடுத்தாள். அதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் பேச்சித்தாய் போய்விட வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

கூத்து ஆரம்பமாகிவிட்டது. நான் காய்ச்சிய ஒரே சட்டிப் பாகு, ஒரே கடலை. பாதியைப் பேச்சித்தாய் வெட்டினாள், பாதியை மற்றவர்கள் வெட்டினார்கள். பன்னிரண்டு பொட்டலம் கட்டி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் ஒட்டினாள். எந்த நம்பர் யார் வெட்டியது என்று எழுதிய தாளை உறையில் போட்டு ஒட்டி, எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணாச்சியிடம் கொடுத்தாயிற்று. அஞ்சு நாள் கழித்துத்தான் திறக்க வேண்டும். அண்ணாச்சி அதைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பரீட்சைப் பேப்பர் மாதிரி!

சுவரில் பெரிய தாள் ஒட்டி அதில் சந்தேகப் பட்டியல் எழுதியிருக்கிறாள். முதல் வரியிலேயே "பேச்சித்தாயின் கை" என்று அவளே எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அக்டோபர் 18, சனி

185.

பொட்டலங்களைப் பிரித்தோம். ஒவ்வொருத்தியும் தொட்டுப் பார்த்து "ஒட்டுது", "ஒட்டலை" என்று சொல்ல, பேச்சித்தாய் நோட்டில் எழுதினாள். பன்னிரண்டும் ஒட்டியது. அண்ணாச்சி உறையைத் திறந்து, தொண்டையைக் கனைத்து வாசித்தார். ஆறு அவள் வெட்டியது, ஆறு மற்றவர்கள் வெட்டியது. ஒரு வித்தியாசமும் இல்லை.

குருவம்மாள் விடவில்லை. "அவ அந்த ரூமுக்குள்ள நின்னாள்லா? மூச்சுக் காத்து பட்டிருக்கும்."

"சரிக்கா" என்றாள் பேச்சித்தாய், முகம் மாறாமல். "அப்ப ஒரு நாள் நான் இந்தத் தெருப்பக்கமே வரல. அதையும் எழுதிக்கிடுவோம்."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா, கடைசியா ஏறுன பாசஞ்சரையா இறக்கி விடுவோம்?" இவருக்கு எப்பவும் பஸ்தான். ஆனால் ராத்திரி வரைக்கும் அந்தப் பேச்சு காதுக்குள்ளேயே நின்றது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

243. மிஷினில் ஏதோ கோளாறு.

அக்டோபர் 22, புதன்

பேச்சித்தாய் இன்று வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று புஷ்பத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். புஷ்பம்தான் எனக்கு அடுப்படியில் துணை, கடலை வறுப்பாள், துழாவுவாள். ஆறு பொட்டலம் இப்போது வாங்குகிற வெல்லத்தில், ஆறு பொட்டலம் பழைய வியாபாரியின் வெல்லத்தில். இரண்டு சட்டிப் பாகும் நானே காய்ச்சினேன்.

புடவை மாற்றி வந்ததில், எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் சின்னச் சீசாவை வீட்டில் வைத்துவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடிப் போய் எடுத்து வந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதமாட்டேன். மருமகன் படித்தாலும் படிப்பார்.

அக்டோபர் 27, திங்கள்

179.

பன்னிரண்டும் ஒட்டியது. பேச்சித்தாய் தெருவிலேயே இல்லாத நாளில் போட்டதும் ஒட்டியது. பழைய வெல்லமும் ஒட்டியது, புது வெல்லமும் ஒட்டியது. பேச்சித்தாய் சுவர்த்தாளில் மூன்று வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். தன் கை என்று எழுதிய வரியை அடித்தபோது கொஞ்சம் அழுத்தி அடித்தாள்.

"முந்தின நாள் வந்துட்டுத்தானளா போனா" என்று குருவம்மாள் முனகினாள். ஆனால் இந்தத் தடவை அவளோடு சேர்ந்து யாரும் தலையாட்டவில்லை.

இன்று ஒரு விஷயம் கவனித்தேன். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் அவளவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். இப்போது சுவர்த்தாள் முன்னால் நின்று சண்டை போடுகிறார்கள். "அடுப்பு மாத்திப் பாப்போம்." "இல்ல, காகிதத்த மாத்து." ஒருத்தி வீட்டில் மோர் ஏன் சீக்கிரம் புளிக்கிறது என்று மூன்று டம்ளரில் நம்பர் போட்டு வைத்திருக்கிறாளாம். அவள் மாமியார் இரண்டாம் நம்பரைக் குடித்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

திருநெல்வேலிக்குக் கண் காட்டப் போனேன். நான் இல்லாத நாளில் எப்போதும் அடுப்பு மூட்டமாட்டார்கள். இன்று பேச்சித்தாய் புஷ்பத்தைக் காய்ச்சச் சொல்லியிருக்கிறாள். புஷ்பமாம், பாகாம்! தண்ணீரில் சொட்டு விட்டு விட்டுப் பார்த்துக் காய்ச்சியிருப்பாள். தூக்கித்தான் போட வேண்டியிருக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

பன்னிரண்டும் மொறுமொறு. ஒடித்தால் 'டக்' என்கிறது. அஞ்சு நாள் அடைமழை, அப்படியும் காகிதம் பூ மாதிரி உரிந்து வருகிறது. அதே பெரிய சட்டி, அதே வெல்லம், அதே அடுப்பு. வெட்டியது யார் தெரியுமா? பேச்சித்தாய்.

எல்லாரும் புஷ்பத்தைக் கட்டிப் பிடித்துக் கும்மாளம் போட்டார்கள். நானும் "நல்லாருக்கு" என்றேன். ஒரு துண்டு வாயில் போட்டேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சல். டைரியில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, நல்ல வயிற்றெரிச்சல்.

நவம்பர் 3, திங்கள்

181.

பேச்சித்தாய் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கோபப்பட வேண்டும் என்று தயாராக இருந்தேன். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து, "கனிக்கா, உங்க பாகுல இருக்க வாசம் புஷ்பம் அக்கா பாகுல இல்ல. அத விட்டுறக் கூடாது. நீங்க செய்யுறத ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றாள். மரியாதை தெரிந்த பெண்.

சொன்னேன். வெல்லம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எப்போது வடிகட்டுவேன், தீ எப்படி, எப்போது துழாவுவேன், ஏலக்காய் எப்போது, சத்தம் எப்படி மாறும், எப்போது இறக்குவேன், கடலை எவ்வளவு சூட்டில் போடுவேன். ஒன்பது வந்தது.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான்" என்றேன்.

ஆமாம், எல்லாம் சொல்லிவிட்டேன். தொழிலில் நாலு பேருக்குச் சொல்கிற விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இந்த ஒன்பதையும் அப்படியே செய்து புஷ்பம் ஒரு சட்டி காய்ச்சினாள். நான் ஒரு சட்டி காய்ச்சினேன். ஆறு ஆறு பொட்டலம். உறை அண்ணாச்சி கல்லாப்பெட்டிக்குப் போயிற்று.

நவம்பர் 5, புதன்

எங்க வீட்டுக்காரர் சொல்கிறார், நான் தூக்கத்தில் "இவ்வளவுதான், இவ்வளவுதான்" என்று சொன்னேனாம். பொய்.

நவம்பர் 8, சனி

புஷ்பத்துடைய ஆறும் மொறுமொறு. என்னுடைய ஆறும் ஒட்டியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விட்டத்தைப் பார்த்தேன். பேச்சித்தாய்தான் எனக்காகப் பேசினாள். "ஒன்பதும் ஒண்ணுதான், முடிவு மட்டும் வேற. அப்ப பத்தாவதா ஏதோ ஒண்ணு இருக்கு. அது என்னன்னு நமக்குத் தெரியல. கனிக்கா மேல குத்தமில்ல."

நான் எழுந்து போய்ச் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

குருவம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். "மதினி, உங்க கைய நான் சந்தேகப்படுவனா? முப்பது வருசமா கெடாதது இப்பத்தான் கெடுதுன்னா, புதுசா வந்தது எதுவோ அதுதான் காரணம். பேச்சி வந்ததுல இருந்து ஒரே சோதனை, ஒரே நம்பரு. புஷ்பத்துக்கும் உங்களுக்கும் நடுவுல மூட்டிவிட்டுட்டா. கார்த்திகைக்கு எட்டு நாள்தான் இருக்கு. நாளைக்குக் கணக்க முடிச்சு அனுப்பிருதேன்."

"ம்" என்றேன். அந்த "ம்"மை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் போன பிறகு பார்த்தால் சோதனை நோட்டு எங்கள் மேசையில் இருக்கிறது. பேச்சித்தாய் ஏற்கெனவே தலைவியிடம் ஒப்படைத்துவிட்டாளாம், குருவம்மாள் என்னிடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புரட்டினேன். முத்து முத்தாக எழுத்து. ஒவ்வொரு நாளும் வெயிலா மழையா என்பது முதற்கொண்டு இருக்கிறது. நான் சொன்ன ஒன்பதுக்கும் கீழே ஒரு வரி: "கனி அக்கா வேறு எதுவும் இல்லை என்கிறார். அவர் சொன்னால் சரியாக இருக்கும். இதைத் திரும்பக் கேட்க வேண்டாம்."

அந்த நோட்டில் பொய் என்று ஒன்று இருந்தால் அது இந்த ஒரு வரிதான். அது நான் சொன்ன பொய். என் வறட்டு கௌரவத்துக்காக ஒருத்தி ராசி கெட்டவள் என்ற பேரோடு தெருவில் இறங்கப் போகிறாள். அந்தப் பேரையும் முதலில் வைத்தது நான்தான். சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு மோரை நகர்த்தி வைத்தார்.

நவம்பர் 10, திங்கள்

நம்பர் பார்க்க மறந்துவிட்டேன்.

காலையிலேயே போனேன். பேச்சித்தாய் தன் டிபன் பாக்ஸையும் தம்ளரையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் இருந்தார்கள். இடுப்பிலிருந்து சீசாவை எடுத்துப் பலகை மேல் வைத்தேன்.

"பத்தாவது இது" என்றேன்.

"என்னது மதினி, கண்ணுக்கு ஊத்துற மருந்தா?" என்றாள் குருவம்மாள்.

"எலுமிச்சைச் சாறு."

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டேன். பத்தொன்பது வயசில் தூத்துக்குடியில் ஒரு மிட்டாய்க் கடையில் பாத்திரம் தேய்த்தேன். அங்கே மாஸ்டர் ஜாமூன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சை விடுவதை ஒளிந்து பார்த்தேன். பாகு பூத்து மணல் மணலாகக் கட்டிப்போகாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைத்தான் என் தொழில் ரகசியமாக வைத்திருந்தேன். பெற்ற மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. பழைய சட்டிக்கு நாலு சொட்டு. ஆவணியில் பெரிய சட்டி வந்ததும், சட்டி பெரிசு, அளவும் பெரிசாக இருக்கட்டும் என்று சட்டிக்கு ஒரு முழுப் பழத்தின் சாற்றைச் சீசாவில் கொண்டு வந்து ஊற்றினேன்.

சொல்லி முடித்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "பேச்சி, ஈரக்கைன்னு சொன்னதும் நான்தான். உன்னை நிக்க வச்சு வேடிக்கை பாத்தவளும் நான்தான். இந்தச் சீசாதான்ளா காரணம். என்னை மன்னிச்சுரு."

அவள் என்னைப் பார்த்தாள், சீசாவைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். கட்டிப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இதுதான் காரணம்னு இன்னும் தெரியாதுக்கா" என்றாள். "சந்தேகம்தான். சோதிச்சுப் பாக்கணும்."

ஏய்! முப்பத்தைந்து வருச ரகசியத்தை ஊர் முன்னால் போட்டு உடைத்திருக்கிறேன், அழுதிருக்கிறேன், மூக்கைச் சிந்தியிருக்கிறேன். அதெல்லாம் அவளுக்கு ஒரு சந்தேகமாம்! சுவர்த்தாளில் போய்ப் பத்தாம் நம்பர் போட்டு "எலுமிச்சை" என்று எழுதினாள். புஷ்பம் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அழுத கண்ணோடு நானும் சிரித்தேன். குருவம்மாள் மட்டும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "சரி, கார்த்திகை வரைக்கும்னுதான சொன்னேன்" என்றாள்.

சட்டி இரண்டு. இரண்டும் நானே காய்ச்சினேன். ஒன்றில் பழம் பிழிந்தேன், ஒன்றில் பிழியவில்லை. வெட்டியது பேச்சித்தாய். பொட்டலம் பன்னிரண்டு.

நவம்பர் 12, புதன்

நானும் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து பாகை நாக்கில் வைப்பதில்லை, தண்ணீரில் சொட்டு விட்டுத்தான் பார்க்கிறேன். மற்றதெல்லாம் அதே சாப்பாடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தானே மாற்ற வேண்டும்? இன்று 158.

டாக்டரம்மா, தீபாவளி அன்றைக்கு மைசூர்பாகு ஆறு, அதிரசம் நாலு. மிஷினில் கோளாறு இல்லை.

நவம்பர் 15, சனி

149!

அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டார், வாடிக்கையாளர் இரண்டு பேரும் கூட வந்தார்கள். என் கண்ணைத் துணியால் கட்டச் சொன்னேன். பாகுக்காரி நான்தானே, நானே சொல்கிறேன் என்றேன். பன்னிரண்டு பொட்டலத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் வைத்தார்கள். ஒட்டுது. ஒட்டலை. ஒட்டலை. ஒட்டுது. ஒடித்துப் பார்த்தேன், விரலால் தேய்த்துப் பார்த்தேன். முடிந்ததும் கட்டை அவிழ்த்தேன். அண்ணாச்சி உறையைப் பிரித்தார்.

நான் ஒட்டுது என்று சொன்ன ஆறும் எலுமிச்சைச் சட்டி. ஒட்டவில்லை என்று சொன்ன ஆறும் எலுமிச்சை போடாத சட்டி. ஒன்றுகூடப் பிசகவில்லை.

எனக்கு எப்படிப்பட்ட சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. தப்பு என்னுடையது என்று பன்னிரண்டு பொட்டலம் சாட்சி சொல்கிறது. நானோ குலவை போடுகிறேன்! என் கைக்கும் ஒன்றுமில்லை, காதுக்கும் ஒன்றுமில்லை. ஒரு பழம்தான். பழத்தை நிறுத்தினால் தீர்ந்தது. இத்தனை நாள் என்னமாய்ப் பயந்திருக்கிறேன்.

பேச்சித்தாய் மில்லில் இருந்த கெமிஸ்ட் சாருக்குப் போன் போட்டாள். புளிப்பு பட்டால் சர்க்கரை உடைந்துவிடுமாம், உடைந்தது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். ஜாமூனுக்கு அது நல்லது, அது பாகிலேயே கிடக்கிற பண்டம். கடலைமிட்டாய்க்கு ஆகாது. முன்பெல்லாம் நாலு சொட்டுதான் விட்டோம், பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். அதனால் தெரியவில்லை. இப்போது பொட்டலத்தில் பத்து நாள் இருக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு எளிதாகப் புரிகிறது! முப்பது வருசம் செய்திருக்கிறேன், ஏன் செய்கிறோம் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. 144.

மதுரைக் கடைக்காரர் புது மிட்டாயைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, முன்பு வாங்கியதைப் போல மூன்று மடங்கு கேட்டிருக்கிறார். குழுவில் ஒரே ஆட்டம் பாட்டம். குருவம்மாள் பேச்சித்தாய்க்குப் பூ வாங்கி வந்து தானே தலையில் வைத்துவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

"இனிமே முதல் சட்டிக்கு வெல்லம் அள்ளிப் போடுறது பேச்சிதான். அவ கை பட்டதுல இருந்துதான் நமக்கு இவ்வளவு பெரிய ஆர்டரு. ராசிக்கைளா அது!" என்றாள். "எம்மக வீட்டுப் பால்காய்ப்புக்கும் நீதான் வந்து பால் ஊத்தணும்."

எல்லாரும் ஆமா, ஆமா என்றார்கள். ஒருத்தி தன் மகன் பரீட்சைப் பேனாவைத் தொட்டுத் தரச் சொன்னாள். பேச்சித்தாய் கை இரண்டையும் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். ராசி கெட்டவள் என்று சொன்ன நாளில்கூட அவள் முகம் அப்படி வெளிறவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நிறுத்துங்களா!" என்று கத்தினேன். "அன்னைக்கு ராசியில்லன்னு நான் சொன்னதுக்கும் ஆமாம்னீங்க. இன்னைக்கு ராசின்னு இவ சொன்னதுக்கும் ஆமாங்கீங்க. நாளைக்கு ஒரு சட்டி தீஞ்சா மறுபடி இவ கையத்தான பிடிப்பீங்க? ராசிக்கைன்னு தோணுதா? சரி. சுவர்ல எழுது. சோதிச்சிருவோம்."

குருவம்மாள் வாயைப் பிளந்தாள். புஷ்பம் ஓடிப் போய்ப் பேனாவை எடுத்து வந்தாள். பதினொன்றாம் நம்பர்: "பேச்சித்தாயின் ராசி." இன்றும் நாளையுமாகப் பத்து சட்டிக்கு அவள் வெல்லம் அள்ளிப் போட வேண்டும், பத்து சட்டிக்கு மற்றவர்கள். எடை, உடைசல், ஒட்டல், எல்லாம் எழுத வேண்டும். உறை அண்ணாச்சியிடம்.

நவம்பர் 22, சனி

138. டாக்டரம்மா பார்த்தால் மயக்கம் போடுவார்.

முடிவு வந்துவிட்டது. அவள் தொடங்கிய பத்து சட்டியில் ஒன்றில் கடலை கருகியிருந்தது, மற்றவர்கள் தொடங்கியதிலும் ஒன்றில் கருகியிருந்தது. உடைசல் சரிக்குச் சரி. ஒட்டல் இரண்டிலும் இல்லை. அண்ணாச்சி கோர்ட்டு டவாலி மாதிரி நிமிர்ந்து நின்று வாசித்தார்: "பேச்சித்தாய் கையில் ராசி ஏதும் தென்படவில்லை."

குருவம்மாளுக்கு முகம் தொங்கிவிட்டது. மகள் வீட்டுப் பாலை யார் ஊற்றுவது என்று இனி யோசிக்க வேண்டும். பேச்சித்தாய் அந்தத் தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலக் குதித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தனக்கு ராசி கிடையாது என்று நிரூபணமானதற்கு ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.